ஜன்னலில் நிற்பவள்

மார்ச் 8, ஞாயிறு

இன்று அவனுடைய அக்காவிடம் நான் சொல்லாதது: "ஆமாம், அழுதான்."

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அடுத்த மாதம் எங்களுக்குப் பதிவுத் திருமணம் என்பதால், என்னோடு பழகிக்கொள்வதற்கான சாப்பாடு. பேச்சு சினிமாவுக்குப் போனது. அந்தப் பழைய கௌபாய் படத்தை நாங்கள் சேர்ந்து பார்த்ததைச் சொல்லிவிட்டேன். அதைப் பற்றி யாரிடமும் பேசுகிறவள் இல்லை நான். இனிமேல் குடும்பம்தானே என்று வாயில் வந்துவிட்டது.

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அட, அந்தக் குதிரைக் கிழவன் படமா? உனக்கும் போட்டுக் காட்டிட்டானா? ஜன்னல் சீன்ல கண்ணத் தொடச்சிருப்பானே?"

"சும்மா இரு அக்கா," என்றான் அவன். சிரிக்கவும் செய்தான். என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தான்.

"ஞாபகமில்லக்கா," என்றேன். தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

போட்டுக் காட்டியது அவனில்லை. நான். அப்படி ஒரு படத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்றானே?

மார்ச் 9

தூக்கம் வரவில்லை என்று எழுதினால் நாடகமாக இருக்கும். நன்றாகத் தூங்கினேன். காலையில்தான் வலித்தது.

படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு காவல் அதிகாரி. ஊர் இளைஞர்கள் யாரும் துணியாததால் ஒரு கொலைகாரனைப் பிடித்துவர அவரைக் கேட்கிறார்கள். விடிகாலையில் தெருவில் குதிரை ஏறுகிறார். கால் வழுக்குகிறது. சேணத்தைப் பிடித்துத் தொங்கியபடி, யாராவது பார்த்தார்களா என்று திரும்புகிறார். எதிர் ஜன்னலில் நிற்கும் பெண் பார்த்துவிட்டாள். ஆனால் அவர் தலை இந்தப் பக்கம் வருவதற்குள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இரண்டாம் தடவை ஏறிவிடுகிறார். அவ்வளவுதான். வசனம் கிடையாது.

இளமையில் கூரையிலிருந்து குதிரைமேல் குதித்த நடிகர் அவர். இந்தப் படத்தில் கழுத்துச் சதை தொங்குகிறது. பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்குகிறது. பழைய படங்களில் பார்த்த அந்த உடம்பையே நம்பி வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம், இனி என்னால் இவ்வளவுதான் என்று காட்டுகிறார். அழகாயிருந்த காலத்தில் அவர் இவ்வளவு அழகாயிருந்ததில்லை.

பதினைந்து வயதிலிருந்து தனியாகவே பார்த்துவந்தேன். முதன்முதலாகக் காட்டியது அவனுக்குத்தான். இடத்தை நான் சொல்லவில்லை. சரியாக அங்கே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான். அன்று மாலையே கல்யாணத்துக்குச் சரி என்றேன்.

மார்ச் 11

நான் கண் பரிசோதிக்கும் கண்ணாடிக் கடைக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சான்று வேண்டுமாம். நடு வரிகளில் திணறியவர், கடைசிப் பொடி எழுத்து வரியை மட்டும் கடகடவென்று ஒப்பித்தார். எழுத்து அட்டையை மாற்றினேன். பழைய வரியையே மறுபடி சொன்னார்.

"ஐயா, அது போன அட்டை."

"மாத்திட்டியா. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லிட்டு மாத்துனா அப்புறம் எதுக்கு மாத்தணும்?"

"எனக்கு முன்னாடி ஒருத்தன் சத்தமா படிச்சான். பெஞ்சில உக்காந்து மனப்பாடம் பண்ணேன்." பெருமூச்சு விட்டார். "இந்த அக்கறை பள்ளிக்கூடத்துல இருந்திருந்தா நான் ஏம்மா லாரி ஓட்டுறேன்?"

சிரித்துவிட்டேன். புரை விழுந்திருக்கிறது. ஆபரேஷன் முடித்துவிட்டு வரச் சொன்னேன்.

மார்ச் 12

அவன் இரண்டு தடவை போன் செய்தான். கடையில் கூட்டம் என்றேன். கூட்டமில்லை.

மார்ச் 15, ஞாயிறு

பழைய படங்கள் போடும் தியேட்டரில் அதே படம். டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். "அக்கா எல்லாரையும் ஓட்டுவா, அதப் போயி மனசுல வச்சிக்கிட்டு. சத்தியமா உன்கூடத்தான் முதல் தடவ பார்த்தேன்."

நம்ப ஆசையாக இருந்தது. ஜன்னலில் நிற்பவளைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டால் முடிந்தது. அதுவும் அன்புதானே?

விடிகாலைத் தெரு வந்தது. குதிரையைக் கொண்டுவந்தார்கள். வயலின் எழுந்தது. அடுத்த நொடி, கிழவர் ஊர் எல்லையில் சவாரி போய்க்கொண்டிருந்தார். வழுக்கவில்லை. ஜன்னல் இல்லை. அந்த மனிதரின் சிறந்த ஒரு நிமிடத்தை நீளம் குறைக்க யாரோ எப்போதோ வெட்டியிருக்கிறார்கள்.

திகைத்துப்போய் அவன் பக்கம் திரும்பினேன்.

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வராத காட்சிக்கு.

வயலின் கேட்டதும் கழற்றிவிடுகிறான். கழற்றினால் அவனுக்குத் திரை வெறும் வெளிச்சம் — அவன் பவர் எனக்குத் தெரியாதா, நான்தானே கண் பார்த்துக் கொடுத்தேன். முதல் தடவையும் இப்படித்தான். குதிரை வரும்போதே கழற்றினான். அதற்குள் ஒன்றுமே நடந்திருக்கவில்லை. அந்தப் பெண் முகம் திருப்புவதை அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாளும் பார்த்ததே இல்லை.

ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறேன். எனக்கு இது எப்படித் தெரியாமல் போச்சு? ஏன் போச்சு?

மார்ச் 16

கேட்டேன். கடைக்கு எதிரே, பஸ் நிறுத்தத்தில்.

"நேத்து எந்த இடத்துல அழுத?"

"தெரியாத மாதிரி கேக்கற. அந்த ஜன்னல்லதான்."

"நேத்து ஜன்னலே வரலையே."

ஒரு பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. பிறகு சொன்னான். முன்னால் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு உயிர் அந்தக் காட்சி. அதில் அழுவது அவள்தான். இவன் அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். எனக்கு முன்பே வேறு ஒன்றிரண்டு பேரிடம் அது பலித்திருக்கிறது.

"நீ அந்தப் படத்தப் போட்டதும், முன்னாடியே பார்த்துட்டேன்னு சொல்ல மனசு வரல. அவ்ளோ சந்தோஷமா இருந்த. அழுதா இன்னும் சந்தோஷப்படுவன்னு தோணிச்சு. பட்டேல்ல?"

பட்டேன். அதுதான் தாங்கவில்லை.

"இதுல என்ன தப்பு சொல்லு. அந்த ஆளும் நடிக்கத்தானே செய்றாரு?"

"நடிகர்னு அவர் பேரை முதல்லயே போட்டுடறாங்க," என்றேன்.

சீ, அழுகைகூட இரவல். நான் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த ஒரே இடம், அங்கே இவன் செருப்போடு நடந்து பழகியிருக்கிறான். அந்த முதல் பெண்? அவளும் என்னைப் போல யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாளோ? அவள்மேல் கோபம் வரவில்லை. எங்காவது பார்த்தால் பேசிக்கொண்டிருக்கலாம் போலிருக்கிறது.

மார்ச் 19

கல்யாணம் வேண்டாமென்று அம்மாவிடம் சொல்லியாயிற்று.

"படம் பார்த்து அழலைன்னு யாராவது கல்யாணத்த நிறுத்துவாங்களா?"

"அழுததுதாம்மா பிரச்சினை."

அம்மா என்னையே பார்த்தாள். "நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது? கிழவன் குதிரை ஏறலைன்னு சொல்லவா?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இது என்னுடையதுதான், இரவல் இல்லை.

மார்ச் 24

அக்கா கடைக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியின் திருகு தளர்ந்திருக்கிறதென்று சாக்கு. திருகு நன்றாகவே இருந்தது. ஆனாலும் முடுக்கினேன்.

"நான் என் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்."

"அப்படி இல்லக்கா."

"கெட்டவன் இல்லம்மா அவன். எதிர்ல இருக்கறவங்களுக்கு எது புடிக்குமோ அதுவா ஆயிடுவான். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

அப்படியானால் அவன் யார் என்று கேட்கவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. கண்ணாடியைத் திருப்பி வாங்கும்போது அவர் கண் கலங்கியது. நான் அலமாரிப் பக்கம் திரும்பி ஃபிரேம்களை அடுக்கினேன். அவர் போகும்வரை அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

கல்யாணத்துக்குக் குறித்திருந்த தேதி. கடைக்குப் போனேன்.

லாரி டிரைவர் வந்தார். ஆபரேஷன் ஆன கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. உள்ளே வருவதற்கு முன்பே, "அட்டைய மாத்திக்கோ," என்றார். மாற்றினேன். மெதுவாகப் படித்துக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றார்.

"இது தெரியலம்மா."

பரவாயில்லை, அதற்கு மேலிருக்கும் வரிவரை படித்தால் போதும் என்றேன். சான்று எழுதிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

"அப்படி என்னதான் இருக்கு அதுல, போடு," என்றாள் அம்மா. போட்டேன். கொஞ்ச நேரத்தில், "இவனுக்கு எவ்ளோ வயசிருக்கும்?" என்றாள். அப்புறம், "வீட்ல யாரும் தடுக்க மாட்டாங்களா?" என்றாள். குதிரையைக் கொண்டுவரும்போது வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.

கிழவர் வழுக்கினார். ஜன்னலில் நிற்பவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா குறட்டை விட்டாள். எழுப்பவில்லை.