அழிக்கச் சொன்ன அக்கவுண்ட்

26-10-2006, வியாழன்

போன மாதம் துர்கா பூஜை அஷ்டமி அன்று, நான் நடத்தும் பெஹாலா பூஜை கமிட்டி சைட்டில் பந்தல் போட்டோக்களைப் பார்க்கக் கூட்டம் குவிந்தது. "உன் ஒருத்தனால எல்லார் சைட்டும் மெதுவாகுது" என்று சர்வரில் இடம் வாடகைக்கு விடும் சுப்ரதோ-தா, அதாவது சுப்ரதோ அண்ணன், என் சைட்டுகளை நிறுத்திவிட்டார். கமிட்டிக்காரர்கள் முன்னால் திருடன் மாதிரி நின்றேன். அவருடைய ஷேர்டு சர்வரே வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இன்று காலை எல்லாவற்றையும் எனக்கு மட்டுமென்று எடுத்த வி.பி.எஸ் சர்வருக்கு மாற்றினேன். உடனே அவருக்கு போன் போட்டு, சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் வங்காள மொழியில் கொட்டினேன். தமிழில் இவ்வளவு நன்றாகத் திட்ட எனக்கு வராது.

"என் அக்கவுண்டை இப்பவே அழிச்சிடுங்க."

"ஒரு தடவை யோசிச்சுக்கோடா."

"யோசிக்க ஒண்ணுமில்ல."

மாலையில் காளிகாட் டிராவல் ஏஜென்ட் மித்ரா-தா கூப்பிட்டார்; அவர் சைட்டும் நான் பார்த்துக்கொள்வதுதான். "காலையிலேருந்து மெயிலே திறக்கலையே, பழைய புக்கிங் எல்லாம் அதுலதானே இருக்கு?"

சைட்டை மாற்றியவன் மெயில்பெட்டியை மாற்றவில்லை. அவர் பிழைப்பு மொத்தமும் நான் அழிக்கச் சொன்ன அக்கவுண்டில் இருந்தது.

வேறு வழியில்லாமல் சுப்ரதோ-தாவுக்கே போன் செய்தேன்.

"அழிக்கல. உன் கோபம் ஆறட்டும்னு பூட்டி மட்டும் வச்சேன். திறந்து விடறேன், எடுத்துக்கோ" என்றார். பிறகு சிரித்தார்.

நன்றி சொன்னேன். சொல்ல வைத்துவிட்டார். அஷ்டமியைக்கூட மறந்தாலும் மறப்பேன், அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன்.

மெயில் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறது. கடைசி மெயில் வந்து சேரும்வரை அவரிடம் மரியாதையாகப் பேசுவேன். அதற்கப்புறம் இருக்கிறது அவருக்கு.