செல்லோடேப் ஒட்டிய இலை

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் உலரவில்லை. ஹாலிலேயே கொடி கட்டியாகிவிட்டது. ரகுவின் வேட்டிக்குப் பின்னால் செடி ஒளிந்து நிற்கிறது.

மதியம் நந்தினி வீடியோவில். ஜெர்மனியில் அப்போதுதான் காலை. வழக்கமான வரிசை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். குளிரா, குளிர். அப்பா எங்கே, தூங்கறார். பிறகு, "செடியைக் காட்டும்மா." அதற்கப்புறம்தான் எங்களுக்குப் பேச்சு வரும். புது இலை சுருளாக இருக்கிறதா, விரிந்துவிட்டதா, எத்தனை ஓட்டை, தென்னை நார்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டதா. அரை மணி நேரம் ஓடிவிடும். இந்தச் செடி இல்லாவிட்டால் பெற்ற மகளிடம் என்ன பேசுவேன் என்று எனக்குத் தெரியாது. அவளும் என்னைப் போலத்தான். கேட்டதற்கு மட்டும் பதில்.

மான்ஸ்டெரா, இலையில் ஓட்டை ஓட்டையாக விழுந்து வளரும் கொடி வகை. கல்லூரி இரண்டாம் வருஷம் அடையாறில் ரோட்டோர நர்சரியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மந்தைவெளி வரை வந்தாள். "ஒரு மாசம் தாங்காது" என்றேன். இப்போது திரைச்சீலைக் கம்பி வரை ஏறிவிட்டது. ஒவ்வொரு இலையும் முறம் அளவு.

தீபாவளிக்கு முன்னால் ஹாலுக்கு பெயின்ட் அடித்தபோது மாடிப்படித் திருப்பத்தில் இரண்டு நாள் வைத்திருந்தோம். உள்ளே எடுத்தபோது ஒரு பக்கக் கிளையைக் காணோம். கத்தியால் நேர்த்தியாக அறுத்திருந்தது. நந்தினி செல்லோடேப் ஒட்டிய இலை அந்தக் கிளையில்தான் இருந்தது. பீரோவை நகர்த்தும்போது கிழிந்ததற்கு அவள் செய்த வைத்தியம். சொன்னபோது, "யாரோ சுட்டுட்டாங்கம்மா!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயின்ட் அடித்தவர்கள்? அவர்களுக்கு எதற்கு?

நவம்பர் 13, வியாழன்

மழை விடுமுறை. புள்ளியியல் இடைத்தேர்வு விடைத்தாள்கள் ஒரு கட்டு. பாதி திருத்தினேன். வெந்தயம், ஓமம், ரகுவின் பி.பி. மாத்திரை வாங்க வேண்டும்.

செடியில் கீழ் இலை ஒன்று மஞ்சள். நந்தினி சொல்லிவிட்டுப் போன விதி: விரலை மண்ணில் விட்டுப் பார், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். விட்டேன். சொதசொதவென்று இருந்தது. நான் ஒரு வாரமாக ஊற்றவே இல்லை. காற்றில் ஈரம் அதிகம், அதனால் இருக்கலாம்.

நவம்பர் 16, ஞாயிறு

மூன்று இலை மஞ்சள். போனை உயரத் தூக்கி மேல் இலைகளை மட்டும் காட்டினேன்.

"கீழே காட்டும்மா."

"கீழே துணி காயுது."

துணி காய்ந்துகொண்டுதான் இருந்தது. பொய் இல்லை. ஆனாலும்.

நவம்பர் 19, புதன்

விஷயம் தெரிந்துவிட்டது.

காலையில் கஸ்தூரி பாத்திரம் தேய்க்குமுன் அரிசி களைந்த தண்ணீரை அப்படியே தொட்டியில் கவிழ்ப்பதைப் பார்த்தேன். எவ்வளவு நாளாக? "டெய்லிதான்க்கா. சத்துக்கா அது. பாப்பா செடியாச்சே, வாடிப்போச்சுன்னா பாப்பா இன்னா நெனைக்கும்?" குரலில் பெருமை வேறு.

மாலை ரகுவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மெதுவாக மடித்தார். அது எனக்குத் தெரிந்த மடிப்பு.

"நீங்களுமா?"

"ராத்திரி சொம்புல மீதி இருக்கிற தண்ணிதான். சிங்க்ல கொட்ட மனசு வரல. அவ செடி. நீ மறந்துடுவேன்னு நெனச்சேன்."

நான் ஊற்றியதையும் சேர்த்தால் மூன்று பேர். ஒருவருக்கொருவர் தெரியாமல். நந்தினியிடம் "உன்னை நினைச்சுக்கிட்டே இருக்கோம்" என்று சொல்ல இந்த வீட்டில் யாருக்கும் வாய் வராது. எல்லாம் தொட்டிக்குள் போயிருக்கிறது.

தொட்டியைச் சாய்த்து செடியை வெளியே எடுத்தோம். வேர் கறுத்து, தொட்டால் தோல் மட்டும் கையோடு வந்தது. முட்டை அழுகிய வாடை. தண்டு பாதிக்கு மேல் கூழ். உச்சியில் மட்டும் ஒரு கணு, ஒரு இலை பச்சை. வெட்டி, ஊறுகாய் ஜாடியில் தண்ணீர் விட்டு பால்கனியில் வைத்திருக்கிறேன். கணுவிலிருந்து வேர் வருமாம். இணையத்தில் எல்லோரும் வரும் என்கிறார்கள். வராதவர்கள் எழுத மாட்டார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

நெட் சரியில்லை என்று சொல்லி வெறும் குரல் அழைப்பு. சீக்கிரம் முடிந்துவிட்டது. "செடி?" என்றாள். "இருக்கு" என்றேன். ஜாடியில் இருக்கிறதே.

வேர் இன்னும் இல்லை. இருந்த ஒரே இலையும் உதிர்ந்துவிட்டது. தண்டின் அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி. எனக்கு வெள்ளெழுத்து, நம்ப முடியாது. ரகுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கும் தெரிந்தது. புள்ளியியல் மொழியில், மாதிரி அளவு இரண்டு, இருவரும் ஒருபக்கச் சார்பு.

நவம்பர் 26, புதன்

கல்லூரியிலிருந்து வந்தால் ஜாடி கவிழ்த்து வைக்கப்பட்டு, துடைத்து, பளபளவென்று.

"கஸ்தூரி, இதுல இருந்தது?"

"அதுவாக்கா, தண்ணி தேங்கிக்கினு இருந்துச்சு. கொசு மருந்து ஆளுங்க பக்கத்துத் தெருவுக்கு வந்துட்டாங்கோ. பார்த்தாங்கன்னா நம்மளைத்தான் கேப்பாங்கோ. தேங்கா ஓடு, பழைய பக்கெட்டு, எல்லாம் கவுத்துட்டேன்."

"குச்சி?"

"அழுகின குச்சி தானேக்கா? குப்பை வண்டி காலையிலேயே போயிருச்சே."

பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இன்னாக்கா, அது பாப்பா செடியா?" என்றாள். கையில் துடைப்பத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தேற்ற நான் காபி போட வேண்டியதாயிற்று. டெங்குக் காலத்தில் நான்தான் அவளிடம் படித்துப் படித்துச் சொன்னேன், எங்கேயும் தண்ணீர் தேங்கக்கூடாது என்று.

நவம்பர் 28, வெள்ளி

"வேற ஒண்ணு வாங்கி வெச்சுடு. அவளுக்கு எப்படித் தெரியும்?" ரகு.

கல்லூரி முடிந்து அடையாறு. மழையில் நர்சரியே சேறு. மான்ஸ்டெரா இருந்தது, இரண்டு. நர்சரிக்காரர், "இதை எடுங்க மேடம், ஏசி ரூம்ல கூட நிக்கும், சும்மா குதிரை மாதிரி வளரும்" என்றார். கையில் எடுத்தும் விட்டேன். இதை ஹாலில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை போனைப் பிடித்து, இது அதுதான் என்று சொல்ல வேண்டும். அவள் ஓட்டைகளை எண்ணியவள். தெரிந்துவிடும் என்பதுகூட இல்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிடுவாள். அதுதான் பயம்.

கறிவேப்பிலைக் கன்று ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். வெறும் கையோடு திரும்ப வெட்கம்.

நவம்பர் 30, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அரிசித் தண்ணீர், சொம்பு, ஜாடி எல்லாம்.

படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். கண் சிமிட்டினாள், நிற்கவில்லை.

"பரவால்லம்மா."

"உனக்கு..."

"பரவால்லன்னு சொல்றேன்ல. செடிதானே."

அப்புறம் என்றாள். அப்புறம் ஒண்ணுமில்லை என்றேன். துணி துவைக்கணும் என்றாள். ரகு எழுந்து வருவதற்குள் வைத்துவிட்டாள். கத்தியிருந்தால் நன்றாயிருக்கும்.

காலித் தொட்டியை பால்கனிக்கு மாற்றினேன். ஹாலில் அந்த இடத்தில் தரை வேறு நிறம்.

டிசம்பர் 3, புதன்

புயல் சின்னம். நேற்று இரவிலிருந்து கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குழாயில் காற்று. குடிதண்ணீர் கேன் ஒன்று கடன் கேட்க மூன்றாம் மாடி புஷ்பத்தின் வீட்டுக்குப் போனேன். பத்து வருஷமாக மேல் வீடு. வாசல் தாண்டிப் போனது கொலுவுக்கு மட்டும். திருநெல்வேலிப் பக்கம், தி.நகரில் பாத்திரக் கடை.

"வாங்க டீச்சர், வாங்க. உள்ள வந்து உக்காருங்க. கேனுதானே, ரெண்டு இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

மெழுகுவர்த்தி வெளிச்சம். பூஜை அலமாரி பக்கத்தில் பித்தளைக் குடம், அதில் செடி. பெரிய இலை ஒன்று, மேலே புதிதாக விரிந்த சின்னது ஒன்று. பெரிய இலையில் பழுப்பேறிய செல்லோடேப்.

கிட்டே போய்ப் பார்த்தேன். கேட்க வராது எனக்கு. புஷ்பம்தான் சொன்னார்.

"உங்க வீட்டுதுதான். ஏன் இப்படி முழிக்கீங்க? மணி பிளான்ட்டு டீச்சர். காசு குடுத்து வாங்கினா வளராது, கேட்டு வாங்கினாலும் விளங்காது. திருடிக்கிட்டு வந்தாதான் வீட்ல தங்கும். உங்களுக்குத் தெரியாதா?"

"இது மணி பிளான்ட் இல்லை."

"எல்லாம் அந்தச் சாதிதானே. இது பெரிய மணி பிளான்ட்டு. வந்த நேரம் பாருங்க, மூத்தவனுக்கு ரெண்டு வருஷமா அமையாத பொண்ணு, இந்த மாசம் அமைஞ்சிட்டு."

அவர் முகத்தில் குற்றவுணர்ச்சி ஒரு துளி இல்லை. திருட்டை இவ்வளவு பக்தியோடு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். இருட்டில் ரகுவிடம் சொன்னேன்.

"கேளேன்."

"எப்படிக் கேக்கறது?"

"நம்ம செடி. வாயைத் திறந்து கேளு."

டிசம்பர் 5, வெள்ளி

கரண்ட் வந்துவிட்டது. குளித்து, ஒருமுறை மாடி ஏறி, அழைப்பு மணி வரை கை கொண்டுபோய்த் திரும்பினேன். மாலை மறுபடி. கேனைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கு.

உட்கார வைத்துச் சொன்னேன். என் செடி போய்விட்டது. மகள் வளர்த்தது. உங்களிடம் இருப்பதில் ஒரு துண்டு. பத்து வருஷத்தில் அவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

புஷ்பம் கையை உதறினார். "ஐயோ டீச்சர், குடுக்கவே மாட்டேன்."

எழுந்தேன்.

"இருங்க, இருங்க. கோவப்படாதீங்க. என் கையால குடுத்தா உங்களுக்கும் விளங்காது, இங்கயும் தங்காது. பையன் கல்யாணம் வேற தையில. நீங்க கேட்டதே தப்பு. நான் கேக்கல, என் காதுல விழல." சமையலறைப் பக்கம் நடந்தவர் வாசலில் நின்று, சுவரைப் பார்த்துச் சொன்னார். "காபி போடப் போறேன். பால் காயக் கொஞ்ச நேரமாகும். கத்தரி டி.வி.க்குக் கீழ இருக்கு. அது எப்பவும் அங்கதான் கிடக்கும். யாருக்காகவும் எடுத்து வைக்கல."

தனியே நின்றேன். எம்.ஃபில். வரை படித்தவள், அடுத்தவர் வீட்டு ஹாலில், கையில் கத்தரி. ஒரு நிமிஷம் சிரிப்பு வந்தது, அடக்கினேன். செல்லோடேப் இலையை எடுக்கத்தான் ஆசை. அதை எடுத்தால் குடத்தில் வேரோடு ஒன்றும் மிஞ்சாது. கணுவைத் தேடி, அதற்குக் கீழே, மேல் துண்டை மட்டும். புது இலையும் ஒரு காற்று வேரும் உள்ளது. பழையது அங்கேயே இருக்கட்டும்.

கத்தரி மொக்கை. சத்தம் போட்டது.

"டீச்சர்!" உள்ளேயிருந்து. "எலி கிலி ஓடுதா அங்க?"

"தெரியலையே."

"ஓடுச்சுன்னா சொல்லாமப் போகச் சொல்லுங்க. காபி வேணும்னா நாளைக்கு வந்து குடிச்சுக்கிடலாம்."

துண்டைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். நன்றி சொல்லவில்லை. சொன்னால் கெட்டுவிடும்போல் இருந்தது. இதை நான் நம்பவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 6, சனி

புஷ்பம் வீட்டில் காபி. செடியைப் பற்றி இருவரும் பேசவில்லை. மருமகளாக வரப்போகும் பெண்ணின் போட்டோ பார்த்தேன். திரும்பி வரும்போது முறுக்கு கொடுத்தார், கையாலேயே.

டிசம்பர் 7, ஞாயிறு

வெயில். துணி எல்லாம் மொட்டைமாடியில்.

நந்தினி. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். குளிரா, குளிர். அங்கே நின்றது. ஜாடியைத் தூக்கிக் காட்டினேன்.

"அது என்னம்மா?"

"திருடினேன்."

"நீயா?"

முழுக்கச் சொன்னேன், எலி வரை. அவள் சிரித்த சிரிப்பில் படம் கூரையைக் காட்டியது, பிறகு கட்டிலை. ரகு தூக்கத்திலிருந்து எழுந்து வந்து என்ன என்ன என்று கேட்டார். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். கத்தரி மொக்கையா என்று கேட்டாள்.

சிரித்து ஓய்ந்தபின் அவளாகவே ஆரம்பித்தாள். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறதாம். அறைக்குப் போகப் பிடிக்காமல் நூலகத்தை மூடும் வரை உட்கார்ந்திருக்கிறாளாம். போன மாதத்திலிருந்து.

"சொல்லவே இல்லையே நீ."

"செடியைப் பத்திப் பேசறதுலயே நேரம் போயிடும்மா."

அந்த நூலகத்தில் ஜன்னல் பக்கமா உட்காருகிறாய் என்று கேட்டேன். ஆமாம் என்றாள். ஜன்னலில் என்ன தெரியும் என்று கேட்டேன். அதைச் சொன்னாள். நெடுநேரம்.

வைத்தபின் ஜாடியைப் பார்த்தேன். கஸ்தூரியிடமும் ரகுவிடமும், யாரும் தொடக்கூடாது என்று நேற்றே சொல்லியிருந்தேன். தண்ணீர் காலையில் இருந்ததைவிட ஒரு விரற்கடை மேலே.

மண்ணில் நடாமல் தண்ணீரிலேயே நிற்கும் வரை, கூட ஊற்றினாலும் கெடுதல் இல்லை. யார் என்று கேட்கவில்லை.