ஈச் சமையல்காரனின் மூக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் வராமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். நானும் அப்படியே இருக்கிறேன் என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன் பார், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. போனில் நீ கேட்டபோதெல்லாம் எனக்கென்ன குறைச்சல், கல்லு மாதிரி இருக்கேன் என்றேன். பொய். பத்து நிமிடத்தில் வார்டுக்கு ஓட வேண்டியவள், ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு இதைக் கேட்டு என்ன செய்வாய் என்று வாயை மூடிக்கொண்டேன். அதனால்தான் கடிதம். இங்கே குறுக்கே பேச ஆள் இல்லை, எழுதுவது சுலபமாக இருக்கிறது.

விஷயம் எங்கள் நிலையத்தில் ஆரம்பித்தது. தேசிய உயிரியல் ஆராய்ச்சி நிலையம் என்று வாசலில் பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் உன் அப்பா அங்கே என்ன கிழிக்கிறார் என்று உனக்குத் தெரியும், ஆராய்ச்சிக்கு வளர்க்கிற பழ ஈக்களுக்குச் சமைத்துப் போடுகிறார். எங்கப்பா ஈக்குச் சமைக்கிறார் என்று நீ வகுப்பில் சொல்லப்போய், டீச்சர் நம்பாமல் உன்னைப் பெஞ்சு மேல் ஏற்றியதும் நினைவிருக்கும். சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், கெட்டியாவதற்கு அகர் எல்லாம் போட்டு அண்டாவில் கிண்டி, சூடு தணிந்ததும் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு அமிலம் ஊற்ற வேண்டும். ஒரே தடவை. ஊற்றினால் ஒரு புளிப்பு வாடை வரும். ஊற்றிய உடனே தாளில் டிக் போட வேண்டும் என்பது சட்டம், நான் என்றைக்குப் போட்டேன். நடுவில் யாராவது கூப்பிட்டு, திரும்பி வந்து ஊற்றினேனா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அண்டா மேல் குனிந்து ஒரு இழுப்பு இழுப்பேன், மூக்கு சொல்லிவிடும். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். போன மாதம் ஒரு நாள் ஸ்டோர்கீப்பர் கூப்பிட்டார் என்று போனேன், வந்து குனிந்தேன், ஒரு வாடையும் இல்லை, சரி ஊற்றவில்லை என்று ஊற்றினேன். அது இரண்டாவது தடவை. அந்த வாரம் குழாய் குழாயாக ஈக்கள் முட்டை இட்டதோடு சரி, புழு ஒன்றுகூடத் தேறவில்லை.

மேல் மாடியில் ஒரு பெண் இருக்கிறாள், உன் வயதுதான், ஈக்கு வாசனை எப்படித் தெரிகிறது, அது எந்த வழியாக மூளைக்குப் போகிறது என்று பார்க்கிறவள். நாங்கள் வைத்த பெயர் மூக்கு டாக்டர். அவளுடைய மூன்று வார வேலை என்னால் பாழ். நல்ல வேளை, மூல ஈக்கள் வேறு அறையில் பழைய சாப்பாட்டில் இருந்தன, வம்சம் அழியவில்லை. வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நின்றேன். அவள் அண்டாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அண்ணா கொஞ்சம் மேல வாங்களேன் என்றாள். அங்கே பன்னிரண்டு சின்னக் குப்பிகள், மனிதர்களுக்கு வைக்கிற பரிசோதனை. ஒவ்வொன்றாக என் மூக்கருகே பிடித்து, இது எப்படி இருக்கு, உங்க வார்த்தையில சொல்லுங்க என்றாள். நாலாவது குப்பியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, என்னம்மா எல்லாம் வெறும் தண்ணியா, என்னை வெச்சு விளையாடுறியா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அதில் ஒன்று கிராம்பாம், ஒன்று மண்ணெண்ணெயாம், ஒன்று அழுகிய மீனாம். அழுகிய மீனைப் பச்சைத் தண்ணீர் என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை நாளா இப்படி என்றாள். தெரியலை என்றேன். வீட்டுல யாரும் சொல்லலையா, அடுப்புல தீயுதே, பால் கெட்டுப்போச்சேன்னு, என்றாள். வீட்டுல நான் மட்டும்தாம்மா இருக்கேன் என்றேன். அவள் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் வளர்ப்பதில் மணமே தெரியாத ஒரு ஈக் கூட்டமும் உண்டு, பிறவியிலேயே அப்படி வரும்படி செய்தது. சாப்பாடு பக்கத்தில்தான் இருக்கும், அதுகள் கண்டுபிடிக்கத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வரும். கண்ணு தெரியுது, மூக்கு தெரியலையா, மக்குகளா என்று எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன், இப்போது அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மூக்குக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர், நாலு மாதம் முன்னால் வந்த காய்ச்சலில் போயிருக்கும், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று கையை விரித்துவிட்டார். தினம் இரண்டு வேளை நாலு வாசனையை முகர்ந்து பழகச் சொன்னார். நானும் கிராம்பு டப்பாவை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், யாராவது பார்த்தால் கழன்றுவிட்டது என்பார்கள், பார்க்கத்தான் ஆள் இல்லையே. நிலையத்தில் என்னை அண்டாவிலிருந்து எடுத்துக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டப் போட்டிருக்கிறார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. போன வாரம் மாடி வீட்டுத் தையல்காரம்மா கதவை இடித்து, வீடு பூரா கேஸ் நாறுது, உள்ள என்னதான் பண்றீங்க என்று கத்திய பிறகுதான் அடுப்பு அணைந்து கேஸ் வந்துகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. பயப்படாதே, மின்சார அடுப்பு வாங்கிவிட்டேன். பேச ஆள் இல்லாததைக்கூடச் சமாளித்துவிட்டேனம்மா, டிவி இருக்கிறது. என் சட்டை நாறுகிறது என்று சொல்ல ஒருத்தர் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போனால் என்னால்தானோ என்று கூசிப் போகிறது. உள்ளதைச் சொல்கிறேன், ரொம்பத் தனியாக இருக்கிறது.

இதெல்லாம் போகட்டும், உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு. அம்மா கடைசியாகப் போர்த்தியிருந்த சால்வையை நான் துவைக்காமல் வைத்திருந்தேன், உனக்குக்கூடச் சொன்னதில்லை. நிலையத்தில் மாதிரி எடுத்துப் போடுகிற ஜிப் கவரில் காற்றுப் புகாமல் போட்டு பீரோவில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை கவரைத் திறந்து முகத்தை வைத்துவிட்டு மூடிவிடுவேன், இரண்டு வருடமாக. ஒரு ஞாயிறு திறந்தால் ஒன்றுமே இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. இரண்டு வருடம் ஆகிவிட்டது, வாசனை எத்தனை நாளைக்குத்தான் தங்கும், அவளும் போய்விட்டாள் அதுவும் போய்விட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, எடுத்து சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவைத்து மடித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அந்தக் குப்பிகள். அண்டாவில் செய்த அதே தப்பு. வாடை வரவில்லை என்றால் அங்கே இல்லை என்று நினைத்துவிட்டேன், வாசனை அதிலேயேதான் இருந்திருக்கிறது, நான்தான் என் கையால் துவைத்து ஊற்றிவிட்டேன். அன்றைக்குக் குழந்தை மாதிரி அழுதேன்.

நீ வேலைக்கு அந்த ஊருக்குக் கிளம்பும்போது அம்மாவின் சாம்பல் நிற ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துக்கொண்டாய். அதை எனக்கு அனுப்பாதே, என்னிடம் வந்து ஒன்றுக்கும் ஆகாது. நீ முகர்ந்து பார்த்து எனக்கு எழுது. அம்மா வாசனை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதே, என்ன சோப்பு, என்ன தைலம், கழுத்துப் பக்கம் எப்படி, கை மடிப்பில் எப்படி என்று உன் வார்த்தையில் நிதானமாக எழுது. மறந்துவிடாதே. நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிடாதே, குளிரில் தலைக்கு ஏதாவது கட்டிக்கொள். நோயாளிகளைத் தூக்கிப் பிடிக்கிற உன் கைகளுக்கு எந்த வலியும் வராமல், எடுத்ததெல்லாம் கூடிவந்து, நூறு வயது நீ நன்றாக இருக்க வேண்டும். அந்த ஸ்வெட்டரை நீயும் எப்போதோ துவைத்திருந்தால், அதை மட்டும் என்னிடம் சொல்லாதே, ஞாபகத்திலிருந்து எழுதிவிடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா