மூவாரில் எடுத்த மஞ்சள் படம்

நேற்று உன் தங்கை உன் கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அக்கா, இது உங்ககிட்டதான் இருக்கணும்" என்றாள். கழுத்து வாரில் நீ தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை இன்னும் இருந்தது. சார்ஜ் போட்டுத் திறந்து பார்க்க எனக்கு ஒரு நாள் பிடித்தது.

கெலாங் பாத்தா தொழிற்சாலையில் நம் இருவருக்கும் சேர்ந்து லீவு கிடைத்தால் எங்காவது கிளம்பிவிடுவோம். போன இடத்தில் ஒரே காட்சியை நான் போனிலும் நீ கேமராவிலும் எடுக்க வேண்டும். கடையில் தே தாரே டீ வந்ததும் இரண்டையும் அருகருகே வைத்துத் தீர்ப்பு. பொந்தியான் கடற்கரையில் அந்திவானத்தை என் போன் குங்குமம் கொட்டியது போல் காட்டியது. "உன் போன் எல்லாத்துக்கும் பவுடர் பூசுது லா. அப்படியா இருந்துச்சு வானம்?" என்றாய். தோற்றாலும் ஒத்துக்கொள்ளாத பிடிவாதக்காரி நீ. நான் மட்டும் என்ன, சளைத்தவளா?

என் புது வீட்டுக்குக் கட்டில் வாங்க மூவார் போனோமே, அன்று ஆற்றோரக் கடையில் உன்னையே இரண்டிலும் எடுத்தேன். என் போனில் நீ கல்யாணப் பெண் மாதிரி பளபளத்தாய். உன் கேமராவிலோ முகமும் கண்ணும் ஒரே மஞ்சள். "அலமாக், உன் கேமரா செத்துப்போச்சுடி! கலரைப் பாரு!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தேன். நீ கேமராவோடு முகம் கழுவப் போனாய். திரும்பி வந்து, "சரி லா, உன் போனே ஜெயிச்சிருச்சு" என்றாய். கட்டில் வாங்கியதைவிட எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

அந்த மஞ்சள் படத்துக்கு அடுத்து, நான் பார்த்தேயிராத இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்றில் கை கழுவும் தொட்டி. வெள்ளைத் தொட்டி வெள்ளையாகவே விழுந்திருக்கிறது. அடுத்ததில், கண்ணாடியில் நீ. ஒரு விரலால் கீழ் இமையை இழுத்துப் பிடித்திருக்கிறாய். கண் மஞ்சள்.

கேமரா கெடவில்லை என்று உனக்கு அன்றே தெரிந்திருக்கிறது! தெரிந்தும் மூன்று வாரம் என்னோடு பெட்டி தூக்கினாய், சன்னலுக்குத் திரை தைத்தாய். "ஏன்டி இப்படிச் சோர்ந்து போயிருக்க?" என்று கேட்டதற்கு, "மொதல்ல உன் வீட்ல பால் காய்ச்சுவோம், அப்புறம் பாக்கலாம்" என்றாய். பால் காய்ச்சிய மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாய். ஈரல் முழுக்கக் கெட்டுவிட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். திடீரென்று வந்த நோய் என்றே நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பால் நாலு மாதம் கழித்துப் பொங்கினால் வீடு எங்கே ஓடிப்போய்விடும்?

உன் இறுதிச் சடங்கில் மாலை போட்டு வைக்கப் படம் கேட்டார்கள். மூவாரில் என் போன் எடுத்ததைத்தான் பெரிதாக்கிக் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லோரும், "பாருங்க, நோய் வந்த முகமா இது?" என்று அதன் முன்னால் நின்று வியந்தார்கள். அந்த அழுகைக்கு நடுவிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததடி. அந்தப் பெருமையை இப்போது நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?