கட்டில் திரும்பிய மூலை

ஆசிரியர் குடியிருப்பு
ஜூலை 9

என் அருமை வாலுக்கு,

போனில் கேட்டால் "ம்" என்பாய், வற்புறுத்தினால் "ம்ம்" என்பாய். கடிதத்தில்தான் உன் வாய் திறக்கிறது. அதனால் பேனாவை எடுத்தேன். மாட்டு டாக்டர் படிப்பு எப்படிப் போகிறது?

எனக்கு இந்த வாரம் சரியில்லை. என் கட்டடக்கலை வகுப்பில் என்னை எல்லோருக்கும் பிடிக்கும் என்று உன்னிடம் எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்! யார் வரைபடத்தைக் காட்டினாலும் "அழகா இருக்குப்பா" என்பேன். அந்த அழகையெல்லாம் நேற்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சுவரில் மாட்டி வைத்துப் பிரித்து மேய்ந்துவிட்டார். சுருட்டை என்று ஒருத்தி, கெட்டிக்காரி. அவள் போட்ட மாடிப்படியைப் பார்த்து, "ஏறுறவங்க தலையைக் கழட்டிக் கீழே வெச்சுட்டு ஏறணுமாம்மா?" என்றார். அந்த இடத்தில் உத்தரம் இடிக்கும். சிரித்தவர்கள் பாதி, அழுதவர்கள் பாதி.

வெளியே தாழ்வாரத்தில் சுருட்டை என்னை நிறுத்தினாள்.

"இது தப்புன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"மனசு கஷ்டப்படுவியேன்னு..."

"இப்ப மட்டும் படலையா?"

அவள் போய்விட்டாள். ஆளில்லாத தாழ்வாரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

வேளைக்குச் சாப்பிடு.
உன் அக்கா


மாணவர் விடுதி
ஜூலை 20

அன்புள்ள அக்கா,

உன் சுருட்டைக்கு என் சார்பில் ஒரு சலாம். ஆனால் உன்னைப் போல ஒரு மேடம் எனக்கு வாய்த்திருந்தால் கோயில் கட்டியிருப்பேன். எனக்கு வாய்த்தவர் கத்தரி மேடம்.

தையல் பழக ரப்பர் தோல் கொடுத்திருக்கிறார்கள். நூலை இறுக்கினால் தோல் செத்துவிடும், தளர விட்டால் புண் வாயைப் பிளந்துவிடும். நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு வரிசை போட்டு முடிப்பேன். கத்தரி வருவார். ஒரு பார்வை. கையிலிருக்கும் கத்தரியால் நறுக், நறுக், நறுக். "திரும்ப." அவ்வளவுதான் பேச்சு. மற்றவர்களெல்லாம் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். நான் இன்னும் அதே ரப்பரோடு குடித்தனம் நடத்துகிறேன்.

எனக்கு இது ஆகாது அக்கா. சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று யோசிக்கிறேன். அம்மாவிடம் மூச்சு விடாதே.

நறுக்கப்பட்ட
வாலு


ஆகஸ்ட் 14

வாலு,

அவசரப்பட்டு எதையும் செய்து தொலைக்காதே. முதலில் என் கதையைக் கேள்.

உன் கடிதம் வந்த வேகத்தில் நானும் கத்தரியாகிவிட்டேன். இந்தப் பருவத்துக்கு ஒரு சிறிய மருத்துவமனை வரையச் சொல்லியிருக்கிறேன். தப்பைக் கண்ட இடத்திலெல்லாம் சிவப்புப் பேனா. "வெளிச்சம் வராது", "கதவு இடிக்கும்", "மறுபடி போடு." சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவேன். முகத்தைப் பார்த்தால் மனம் இளகிவிடுமோ என்று பயம்.

பலன் என்ன தெரியுமா? நான் உள்ளே நுழைந்ததும் சிரிப்புச் சத்தம் நின்றுபோகிறது. சந்தேகம் கேட்க ஒருவரும் வருவதில்லை. நான் சொன்னதைச் சொன்னபடி திருத்திக்கொண்டு வருகிறார்கள். ஏன் என்று கேட்பதில்லை. எனக்குப் பிடித்த மாதிரி வரைகிறார்கள், அவ்வளவுதான்.

சுருட்டை மட்டும் எதிர்த்தாள். அவள் தாழ்வாரத்து மூலைகளில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்று எழுதினேன். "திரும்பும் மேடம்," என்றாள். "திரும்பாது," என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். வரைபடத்தைச் சுருட்டி மேசையிலேயே வைத்துவிட்டுப் போனவள் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. விடுதியில் பெட்டி கட்டுகிறாளாம், ஊருக்குப் போய்விடுவாளாம். ராத்தூக்கம் போய்விட்டது எனக்கு.

ஒன்று கேட்கிறேன், பார்த்து எழுது. உங்கள் கத்தரி மேடம் நறுக்கிவிட்டு என்ன செய்கிறார்? எங்கே போகிறார்?

அக்கா


ஆகஸ்ட் 23

அன்புள்ள அக்கா,

நீ கேட்ட பிறகுதான் கவனித்தேன். எங்கேயும் போவதில்லை. எனக்குப் பின்னால், தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். மணி அடித்து எல்லோரும் போன பிறகும் நிற்கிறார். நான் என்னமோ காவல் காக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

நேற்று மூன்றாம் முறை நறுக்கியபோது பொறுமை போய்விட்டது. "எனக்கு வராதுன்னு தெரிஞ்சும் ஏன் மேடம் இப்படி வதைக்கிறீங்க?" என்று கேட்டே விட்டேன்.

"வராதுன்னு யார் சொன்னா? உன் பக்கத்துல நின்னு நின்னு என் இடுப்பு கழண்டு போச்சு. வராதுன்னு நெனச்சா வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்க மாட்டேனா?" என்றார். பிறகு என் கையையே பார்த்தார். "அது சரி, ஊசியை ஏன் இப்படிக் கோணலாப் பிடிக்கிற?"

"நான் இடது கைக்காரன் மேடம். நீங்க வலது கையில காட்டினதால..."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"பயம் மேடம்."

"நான் என்ன அவ்வளவு பயமுறுத்துற ஆளா?"

வகுப்பே விட்டத்தைப் பார்த்தது அக்கா! ஒருத்தன் இருமினான். கத்தரியின் முகம் சுருங்கிவிட்டது. பாவமாக இருந்தது. பிறகு நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். ஊசியைத் தன் இடது கைக்கு மாற்றினார். அவர் போட்ட தையல் கண்றாவி. "இதை நறுக்கு," என்று கத்தரியை என்னிடம் நீட்டினார். நறுக்கினேன்! இரண்டு பேரும் சேர்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தோம். கடைசியில் என் வரிசையைத் தடவிப் பார்த்து, "ம்," என்றார். போனில் நான் சொல்வேனே, அதே "ம்." அதில் எவ்வளவு இருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

நான் இங்கேயே இருக்கிறேன். நீ சுருட்டையைப் போய்ப் பார்.

வாலு


செப்டம்பர் 2

என் கண்ணு வாலுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். போன உயிர் வந்தது. அம்மாவிடம் சொல்ல ஒன்றுமில்லாமல் போனதில் இரட்டை நிம்மதி.

அன்று மாலையே சுருட்டையின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு பெண்கள் விடுதிக்குப் போனேன். நல்லவேளை, அவள் இன்னும் ஊருக்குக் கிளம்பியிருக்கவில்லை. கதவைத் திறந்தவள், "சமாதானமா மேடம்?" என்றாள்.

"இல்ல. அன்னைக்குப் பாதியில விட்டேன், மீதியைத் திட்ட வந்தேன். அந்த ஸ்ட்ரெச்சர் திரும்பாது."

"திரும்பும்."

"காட்டு."

முறைத்தாள். பிறகு விறுவிறுவென்று ஒரு சாக்கட்டியைத் தேடி எடுத்து, விடுதித் தாழ்வாரத்தின் தரையில் அவள் வரைபடத்துத் தாழ்வாரத்தை அதே அளவில் கோடு போட்டாள். ஸ்ட்ரெச்சருக்கு எங்கே போவது? அவள் கட்டிலை வெளியே இழுத்தோம். அளவு ஏறக்குறைய அதுதான். மேலே நோயாளியாக ஒரு தோழியைப் படுக்க வைத்தாள். அந்தப் பெண் அசல் நோயாளியை மிஞ்சும்படி முனகினாள். தள்ளினோம். நான் திரும்பாது என்று சாதித்த மூலையில் கட்டில் வெண்ணெய் மாதிரி திரும்பியது, வாலு! விடுதியே கை தட்டியது. எனக்கு அசடு வழிந்தது.

"அடுத்த மூலைக்கு வா," என்றேன். அங்கே கட்டில் கோட்டைத் தாண்டிவிட்டது. மறுபடி தள்ளினாள். மறுபடி தாண்டியது. தரையில் உட்கார்ந்து கோட்டையே பார்த்தாள்.

"இங்க நீங்க சொன்னது சரி," என்றாள். "கதவைத் தள்ளிப் போட்டா?"

"போட்டுப் பாரு. நான் இருக்கேன்."

அவள் அழித்து அழித்துக் கோடு போட்டாள். நான் கூடவே உட்கார்ந்திருந்தேன், வாயை மூடிக்கொண்டு. அதுதான் எனக்குப் பெரிய பாடு.

மறுநாள் வகுப்பில் முன் மேசையில் உட்கார்ந்திருந்தாள். "ஊருக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

"எப்படிப் போறது மேடம்? திட்டறதுக்குன்னே ஒருத்தர் இவ்வளவு தூரம் நடந்து வர்றாங்க."

வகுப்பு சிரித்தது. நான் மேசைக்குப் போய்ப் பேனாவைத் திறக்கும்போதும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. பின் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது: "மேடம், என்னோடதுல நீங்க எழுதினது தப்புன்னு தோணுது."

"எழுந்து வா, பாக்கலாம்," என்றேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

உன் அக்கா