தூங்குமூஞ்சி மரத்தில் மாட்டிய விளக்குகள்

அன்பு மகள் ஷஃபானாவுக்கு, புனேயிலிருந்து உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. ராட்டர்டாம் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு போகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்ற கவலை ஒரு பக்கம் என்றால், உன் மேலும் உன் வாப்பா மேலும் எனக்கு வருகிற எரிச்சல் இன்னொரு பக்கம். ஃபோனில் சொல்லலாம் என்றால் வாப்பா பேச்சை எடுத்ததுமே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமாகும் என்று தெரியும், எழுத்துக் கூட்டியாவது முழுசும் படி.

நம் பொட்டானிக்கல் கார்டனில் குளிர்கால விழாவுக்கு விளக்கு போடும் வேலை உன் கம்பெனிக்குக் கிடைத்திருக்கிறது, வரைந்தது நீதான் என்று மழைக்காலத்தில் சொன்னாயே, அன்றைக்குப் பிடித்தது இந்தத் தொல்லை. நம் கோந்த்வா பக்கத்தில் வாப்பா கையால் பேடா வாங்காத வீடு இல்லை. பை கடையை உன் தம்பி ஃபைசான் தலையில் கட்டிவிட்டு வாப்பா தினமும் கார்டனுக்கே போய் உட்கார்ந்தார். அல்லிக்குளத்தைத் தூர் வாரிப் புதுசாகக் கரை கட்டினார்கள், ஆர்க்கிட் பூவுக்குக் கண்ணாடி வீடு வந்துவிட்டது, நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி விட்டிருக்கிறார்கள், செவ்வந்திக் கண்காட்சிக்குத் தொட்டி தொட்டியாக வந்து இறங்குகிறது என்று நான் மீன் பொரித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலேயே நின்று ஒப்பிப்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனாலும் மனுஷன் சந்தோஷமாக இருக்கிறாரே என்று விட்டேன்.

போன மாதம் விளக்குகளை முதல் தடவை எரியவிட்டுப் பார்த்தார்கள். பின் வாசல் பக்கம் பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறதே, அதில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டம் கூட்டமாகத் தொங்குவது உனக்கும் தெரியும். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அதைப் பார்த்துப் பயந்து என் துப்பட்டாவுக்குள் ஒளிவாய். அந்த மரத்தைச் சுற்றி அடிமுதல் உச்சிவரை நீ விளக்கு வரைந்திருக்கிறாய். பொழுது சாய்ந்து மஃரிப் நேரத்தில் அதைப் போட்டதும் அத்தனை வௌவாலும் கலைந்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டு பறந்ததாம். மறுநாள் காலையில் அவை திரும்பி வந்தபோதும் விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. இறங்க இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவற்றைக் காக்கைகள் கொத்திக் கீழே தள்ளியிருக்கின்றன. உன் வாப்பா என்ன செய்தார் தெரியுமா, அடிபட்டுக் கிடந்த ஒன்றை என்னுடைய நல்ல காஷ்மீர் சால்வையில் சுற்றி ஆட்டோவில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். குளியலறை வாளியில் வௌவால்! நான் போட்ட சத்தத்தில் மேல்வீட்டு செல்வமேரி இறங்கி ஓடி வந்தாள். அது அவர் கையைப் பிறாண்டியும் இருந்தது. ஃபைசான் விலங்குகளைக் காப்பாற்றுகிறவர்களைக் கூப்பிட்டான். அவர்கள் வந்து வௌவாலை வாங்கிக்கொண்டு, வாப்பாவுக்கு நன்றாகத் திட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் நாய்க்கடிக்குப் போடுகிற ஊசிதான், ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டு போனது நான்.

அதோடு விட்டாரா? கார்டன் ஆபீசில் போய் நின்றார். டிசைன் வெளிநாட்டிலிருந்து வந்தது, அந்த மேடம் சொல்லாமல் ஒரு பல்பைக்கூடக் கழற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த மேடம் என் மகள்தான் என்று இந்த மனுஷன் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஏங்க, அவளுக்கே ஒரு ஃபோன் போடுங்களேன் என்றேன். மொத மொத நம்ம ஊருக்குன்னு ஒரு வேலை செஞ்சிருக்கா, அதுல குறை சொல்ல எனக்கு வாய் வரல ஹபீபா என்றார். உன்னிடம் சொல்ல வாய் வராதவருக்கு மராத்திப் பேப்பர்காரனிடம் மட்டும் வாய் வந்துவிட்டது! வௌவால் விஷயம் பேப்பரில் ஃபோட்டோவோடு வந்ததை ஃபைசான் உனக்கு அனுப்ப, நீ என்ன ஏது என்று கேட்காமல், என் வேலைய ஊர் முன்னாடி கெடுக்கறது என் வாப்பாவேதானா என்று எழுதிவிட்டாய். அதைப் படித்த அன்றோடு அவர் கார்டனுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பால்கனியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் காதில் விழுகிறது. அங்கே நீ பேசுவதில்லை, இங்கே இவர் பேசுவதில்லை, நடுவில் நான் என்ன சுவரா?

பொறுத்துப் பார்த்துவிட்டு நானே போனேன். எனக்கு மராத்தி வராது, ஹிந்தியும் காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான். நல்ல வேளையாக விளக்கு வேலையைப் பார்க்கிற இன்ஜினியர் ஹர்ஷா கோயம்புத்தூர்க்காரர், இங்கே புனேயில் கராடி பக்கம் தங்கியிருக்கிறார். உங்க டிசைனர் மேடத்தப் பெத்தவ நான்தான் தம்பி, அந்த மரத்த மட்டும் அணைச்சிடுங்க என்றேன். அவர் திகைத்துப்போய், ஆன்ட்டி, மேடம் ஒரு மெயில் போட்டா போதும், இல்லேன்னா ஞாயித்துக்கிழமை டிசைன்ல இருக்கற எல்லாத்தையும் எரிய விட்டே ஆகணும், அது வரைக்கும் அந்த லைனுக்கு மட்டும் நான் கரண்ட் கொடுக்காம வெச்சிருக்கேன் என்றார்.

நேற்று விழா தொடங்கியது. வர மாட்டேன் என்றவரைச் சட்டையை மாட்டி இழுத்துக்கொண்டு போனேன். மகளே, நான் உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன், ஆனாலும் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அல்லிக்குளத்து ஓரமாகத் தண்ணீருக்குச் சற்று மேலே மெல்லிசாக ஒரு வெளிச்சம் போட்டிருக்கிறாயே, இலைகளெல்லாம் மிதக்கிற மாதிரி, அங்கே வாப்பா அசையாமல் நின்றுவிட்டார். பக்கத்தில் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு மராத்தி அம்மாவிடம், யே மேரி பேட்டி நே பனாயா ஹை, என் மகள் செய்தது இது என்று ஹிந்தியில் சொன்னார். தூங்குமூஞ்சி மரம் இருட்டாகத்தான் நின்றது. உள்ளே நுழையும்போது, வெளிச்சம் இருக்கையிலேயே பார்த்தேன், பழைய கூட்டம் இல்லை, பாதி இருக்கும், திரும்பி வந்து தொங்குகிறது. எனக்கு இப்போதும் அதுகளைப் பிடிக்காது. திரும்பும்போது ஆட்டோவில், அவகிட்ட சொல்லிடாதே, அந்த ஒரு மரம் தவிர எல்லாத்தையும் கண்ணு நெறையப் பாத்தேன் என்றார். இதில் சொல்லக்கூடாதது என்ன இருக்கிறது? உங்கள் இருவருக்கும் நல்ல வார்த்தையை ஒளித்துவைத்துக்கொண்டு சண்டையை மட்டும் ஊருக்குக் காட்டுகிற புத்தி எங்கிருந்துதான் வந்ததோ.

தலைக்கு எண்ணெய் வை, தொழுகையை விடாதே, சைக்கிளில் போகும்போது ஃபோனைப் பார்க்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஆரோக்கியத்தையும் கொடுக்கட்டும், கையால் செய்வதெல்லாம் பரக்கத்தாகட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் முதலில் ஹர்ஷாவுக்கு மெயிலை அனுப்பு, அப்புறம் வாப்பாவுக்கு ஃபோன் போடு. மாற்றிச் செய்தால் இரண்டு பேரும் மரத்தைப் பற்றியே பேசிச் சண்டை போட்டு வைத்துவிடுவீர்கள், குளத்தைப் பற்றி அவர் சொல்ல நினைப்பது தொண்டையிலேயே நின்றுவிடும்.

உன் மேல் கோபத்தோடும் துஆவோடும்,
உம்மா ஹபீபா