நான் அழித்த இருமல்

அன்புள்ள குட்டிமாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அம்மாவுக்கு அந்த இருமல் மட்டும் விட்டு விட்டு வருகிறது, மாத்திரை சாப்பிடுகிறாள். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும், எங்களுக்கு வேறு நினைப்பில்லை. நேற்று போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன் அல்லவா, அதைக் கேட்கவா கூப்பிட்டேன், வேறொன்று சொல்லத்தான் கூப்பிட்டேன், நாக்கு எழவில்லை. அதனால் எழுதுகிறேன். கோபம் வந்தாலும் கடைசிவரை படித்துவிடு.

இசைத் துறைக்கு மாறுவதற்கு நீ போட்ட விண்ணப்பம் தள்ளுபடியானது உன் வாசிப்பால் அல்ல. என்னால்.

‘வீடியோப் பதிவு நிபந்தனைகளுக்கு உட்படவில்லை’ என்று அவர்கள் ஒரே வரி எழுதியிருந்தார்களாம். வாசிப்பு போதாது என்பதைத்தான் நாகரிகமாகச் சொல்கிறார்கள் என்று நீ எடுத்துக்கொண்டாய். அம்மாவிடம், எனக்கு வராததை எத்தனை நாள்மா இழுத்துக்கிட்டு இருக்கறது, பேசாம கணக்கியலையே முடிச்சிடறேன், வயலினை யாருக்காவது குடுத்துடறேன் என்று சொன்னாயாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு அம்மா, துவைத்து மடித்த துணியையே மறுபடி எடுத்துப்போய் ஊறவைத்தாள். செவ்வாய்க்கிழமை போட்டோக் கடையிலிருந்து இசைத் துறை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, காத்திரு என்றார்கள். காத்திருக்கிறவனுக்குப் போட்டுவிட்ட இசை கரகரவென்று பாதிப் பாதியாக அறுந்து வந்தது, இசைத் துறையாம். மூன்றாவது தடவை ஒரு அம்மாள் பேசினார். விண்ணப்பிச்சவங்ககிட்டதான் சார் சொல்ல முடியும், அப்பாவா இருந்தாலும் கிடையாது என்றார். அந்தப் பதிவை ஏற்றியது நான்தான் என்றேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டு, ரெண்டாவது உருப்படியில படம் குதிக்குது சார், பொண்ணோட முடி நெத்தியில விழுந்து, உடனே திரும்பக் காதுக்குப் பின்னால போயிடுது, அந்த இடத்தோட நிறுத்திட்டாங்க, அதுக்கு மேல பார்க்கக் கூடாதுன்னு விதி என்றார்.

நடந்ததைச் சொல்கிறேன். பதிவு எடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை முதலாளி ஸ்டூடியோச் சாவியைக் கொடுத்தார். வெள்ளைத் திரைக்கு முன்னால் நீ நின்றாய், அம்மா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தாள் புரட்டினாள். மூன்று வெவ்வேறு காலத்து உருப்படிகள், நடுவில் நிறுத்தாமல் ஒரே பதிவு, முகமும் இரண்டு கையும் எப்போதும் தெரிய வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து நாப்பது நிமிஷம் சிரிக்காம நின்ன ஒரே ஆளு உன் பொண்ணுதான்யா என்று முதலாளி இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். அந்த மெதுவான உருப்படியில் அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள், அடங்கவில்லை, ஏழு விநாடி. நீ கல்லூரிக்குத் திரும்பிய பிறகு, விடுதியில் இணையம் மெதுவாக இருக்கிறது, கடையிலிருந்து நீங்களே அப்படியே ஏற்றிவிடுங்கள் என்று சொன்னாய். யாரும் எதையும் மாற்றவில்லை என்ற உறுதிமொழியில் அதற்கு முன்பே நீ கையெழுத்துப் போட்டிருந்தாய்.

நிபந்தனைத் தாளை நான் படிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். படித்தேன். ஆனால் என் பிழைப்பு என்ன என்று உனக்குத் தெரியும். பருவை அழிப்பது, கண்ணுக்குக் கீழே கருவளையத்தை எடுப்பது, சட்டைக் காலரை நேராக்குவது. இருபத்தாறு வருடத்தில் வந்தது வந்தபடி ஒரு படத்தைக்கூட நான் வெளியே விட்டதில்லை, விட்டால் அது வாடிக்கையாளரை மதிக்காத வேலை. பெரிய மனிதர்கள் உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள், என் பெண் இருமலோடு போய் நிற்பாளா என்று தோன்றிவிட்டது. அந்தப் பகுதி இரண்டு தடவை வருகிறது அல்லவா, இரண்டாம் தடவை இருமல் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் இரண்டாம் தடவையிலிருந்து அதே ஏழு விநாடியைப் படமும் ஒலியுமாக எடுத்து முதல் தடவையின் மேல் ஒட்டினேன். ஒட்டிய இடம் காதுக்குத் தெரிகிறதா என்று இருபது முறை கேட்டேன். நாள் முழுக்க அடுத்தவர் முடியை இழை இழையாகப் பார்க்கிறவன், உன் நெற்றியில் விழுந்த முடியைப் பார்க்கவில்லை.

குற்றம் என்னுடையதுதான், ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே பயிற்சி அறைகள் வரிசையாகப் பூட்டிக் கிடக்கின்றன, இசை மாணவர்களுக்கு மட்டும்தான் சாவி, நீ துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு நடுவில் நின்று பழகுகிறாய். இசை மாணவி ஆவதற்கு எங்கே போய்ப் பழகுவது? இரண்டு வருடமாவது கற்பித்த ஆசிரியரின் பரிந்துரை வேண்டும் என்றார்கள். உன் வாத்தியார் ஒன்பது வருடம் சொல்லிக்கொடுத்தவர், ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், அவரிடம் பெயர் அச்சடித்த தாள் ஏது? என் பேரைப் போட்டா உனக்கு மார்க் குறைஞ்சிடுமோம்மா என்று உன்னிடமே கேட்டார். அமைதியான வீடும் இருமாத அம்மாவும் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதின விதி இது. இதை அந்த அம்மாளிடமும் சொன்னேன். எனக்குப் புரியுது சார் என்றார். புரிந்து என்ன செய்ய.

மேல்முறையீடு உண்டாம், இந்த மாதம் பதினெட்டாம் தேதி மாலை ஐந்து மணிக்குள். நான் எழுதக்கூடாது, நீதான் எழுத வேண்டும். நான் செய்தேன் என்று நான் கொடுக்கும் வாக்குமூலத்தை இணைப்பாக வைக்கலாம், ஏற்றுக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது, வீட்டார் பேச்சுக்கு மதிப்பில்லையாம். அவர்கள் நம்பாவிட்டால் பொய் உறுதிமொழி கொடுத்தவள் என்று உன் பதிவேட்டில் ஏறிவிடும், கணக்கியலிலும் அது கூடவே வரும். எழுதாமல் விட்டால், மறுபடி விண்ணப்பிப்பதற்குள் உனக்கு நான்காவது பருவம் முடிந்துவிடும், நான்கு பருவம் முடித்தவர்கள் துறை மாற முடியாது. எழுது என்று சொல்லப் பயமாக இருக்கிறது, எழுதாதே என்று சொல்ல வாய் வரவில்லை. உனக்குப் பத்து வயதாக இருந்தால் ஏதாவது ஒன்றை அதட்டிச் சொல்லியிருப்பேன். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், மாற்றாத பதிவும் சிறிய பென்டிரைவில் இருக்கிறது. வேண்டுமென்றால் பயன்படுத்து, வேண்டாமென்றால் கிழித்துப் போடு, ஏன் என்று கேட்க மாட்டேன். என்னைக் காப்பாற்றுவதற்காக மட்டும் எதையும் மறைக்காதே.

வயலினை யாருக்கும் கொடுத்துவிடாதே. மூன்றாவது உருப்படியை அவர்கள் தொடவே இல்லை. உன்னை வேண்டாம் என்று சொன்னவர்கள் உன் வாசிப்பை முழுதாகக் கேட்டவர்கள் அல்ல. நான் நேற்று கடைக் கதவைச் சாத்திக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை, இருமலோடு சேர்த்துக் கேட்டேன். அம்மா இருமினபோது உன் வில் நிற்கவில்லை, நீ அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது நல்ல வாசிப்பா இல்லையா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை, குட்டிமா. சொல்லத் தெரிந்தவர்கள் கேட்கவில்லை.

நல்லபடியாக இரு, நினைத்தது உன் கைக்கு வரட்டும். பதினெட்டாம் தேதியை மறக்காதே, மாலை ஐந்து மணி. எந்த இடத்தில் படம் குதித்தது என்று அம்மாவுக்கு இன்னும் தெரியாது, நீயும் சொல்லாதே.

உன் அப்பா